இடது கைக்கு ஒரு கிளாம்பு

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அவர் மனைவிக்கும் கல்யாணம் ஆன நாளிலிருந்து நேரம்தான் எதிரி. எங்கோ ஒரு கட்டடத்தில் நாலு பேர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தால் அவர் சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அவளுக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. ஷிப்டு மாறி மாறி வரும். அவர் வீட்டுக்குள் வரும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். அவள் வரும்போது அவர் போர்வைக்குள் இருப்பார். வாசற்படியில் சாவியைக் கைமாற்றிக்கொண்டு, "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்", "குழாய்ல தண்ணி வரல" என்று இரண்டு வார்த்தை. அப்படியே மகன் வளர்ந்தான், கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போனான். ஒருவரை ஒருவர் பிடிக்காமல் இல்லை. வேலையெல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து பேசலாம் என்று இருவரும் தனித்தனியாக நினைத்து வைத்திருந்தார்கள். அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் நேரம் வாய்க்கவில்லை.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. கல். புதுக் கட்டடங்களில் லிஃப்டுக்காகக் குழி தோண்டும்போது அடியிலிருந்து வரும் கற்களைப் பொறுக்கிக்கொண்டு வருவார். வெளியே பார்த்தால் மண் ஒட்டிய உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். வெட்டினால் உள்ளே தேன் நிறத்தில் வளையம் வளையமாகக் கோடு ஓடும், அல்லது ஒன்றுமே இருக்காது. எது எப்படி என்பது வெட்டும்வரை தெரியாது. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சின்னக் கொட்டகையில், அவள் வேலை செய்த ஓட்டலில் கழித்துப்போட்ட துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரை வைத்து அவரே ஒரு கல் ரம்பம் செய்திருந்தார். இரும்பு மேஜை, நடுவே ஒரு பிளவு, அந்தப் பிளவிலிருந்து வைரத்தூள் பதித்த வட்டத் தகடு பாதி எட்டிப் பார்க்கும். கீழே தண்ணீர்த் தட்டு. தகடு தண்ணீரில் முங்கிச் சுற்றச் சுற்ற, கல்லை மேஜைமேல் வைத்து மெல்ல உள்ளே தள்ள வேண்டும். இடது கை பிடிக்கும், வலது கை தள்ளும். கல் ஒரு இம்மி ஆடினாலும் தகடு அதைக் கவ்விக்கொள்ளும்.

அவளுக்கு ஓய்வு கிடைத்த வருஷமே அவருக்குப் பக்கவாதம் வந்தது.

பேச்சு திரும்பிவிட்டது. நடை கொஞ்சம் இழுத்தாலும் திரும்பிவிட்டது. இடது கை மட்டும் திரும்பவில்லை. தோளில் உணர்ச்சி இருந்தது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. மேஜைமேல் எடுத்து வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும். "ஒட்டிக்கிட்டு வர்ற மச்சான் மாதிரி. ஒரு வேலையும் செய்யமாட்டான், எங்க போனாலும் கூடவே வருவான்," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பார்க்க வந்தவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் டீ தம்ளருக்குள் பார்த்துக்கொள்வார்கள். அவள் மட்டும், "என் தம்பிய எதுக்கு இழுக்கறீங்க இப்ப?" என்பாள்.

கொட்டகை வெகுநாள் பூட்டியே கிடந்தது. ஒரு மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ரம்பத்தின் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் மனுஷன் உணர்ச்சியில்லாத கையின் முழங்கையால் கல்லை மேஜையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி வலது கையால் தள்ளிக்கொண்டிருக்கிறார். அவள் ஸ்விட்சை அணைத்தாள்.

"இருக்கற கையையும் குடுத்துட்டு உக்காரலாம்னு பாக்கறீங்களா?"

"பாதி வெட்டியாச்சு. அப்படியே விட முடியாதும்மா," என்றார் அவர், திருட்டுத்தனமாகச் சர்க்கரை தின்று மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி.

அவள் கல்லைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்கு இடது பக்கம் போய் நின்று, கல்லைப் பிடித்தாள். "ம், தள்ளுங்க."

அப்படித்தான் அது ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு தினமும் சாப்பாடானதும் இருவரும் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். தண்ணீர் தெறிக்கும் என்று அவள் அவருடைய பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொள்வாள். அது முழங்கால் தாண்டித் தொங்கும். ரம்பம் ஓடும்போது ஒரு வார்த்தை பேச முடியாது. காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் அவர் தோளால் பேசினார். அவள் வலது தோளில் லேசாக இடித்தால் 'மெதுவாக'. சாய்ந்து அழுத்தினால் 'அப்படியே பிடி'. கல் இரண்டாகி விழுந்ததும் ரம்பத்தை நிறுத்திவிட்டு, சேற்றைக் கழுவி, இரண்டு தலையும் ஒன்றாகக் குனிந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். அப்புறம்தான் பேச்சு வரும். லிஃப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் உள்ளேயே சண்டை போட்டு, உள்ளேயே சமாதானமாகி, கதவைத் திறந்தபோது, 'அதுக்குள்ள வந்துட்டீங்களா?' என்று கேட்ட கதையை அவர் சொன்னார். துவைக்க வந்த கோட்டுப் பையில் ஒரு முழு பல்செட்டு இருந்ததையும், அதை யாரும் கேட்டு வராததையும் அவள் சொன்னாள். எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய கதைகள். இருவருக்கும் அன்றுதான் நடந்த மாதிரி இருந்தது.

அவள் தங்கை போனில் கிண்டல் செய்தாள். "என்னக்கா, ரிட்டையர் ஆகி வீட்ல உக்காருவேன்னு பாத்தா கல்லு உடைக்கப் போயிட்டியாமே? என்ன குத்தம் பண்ணே?"

"போடி, உனக்கென்ன தெரியும்," என்றாள் அக்கா. குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிறகு அந்த வழுக்கைக் கல் வந்தது. முட்டை மாதிரி எல்லாப் பக்கமும் உருண்டை. மேஜையில் வைக்கத் தட்டையான இடமே கிடையாது. மூன்றில் ஒரு பங்கு வெட்டியிருப்பார்கள். ஈரத்தில் கல் ஒரு நொடி புரண்டது. தகடு கவ்வியது. கல் துள்ளி, மேஜையின் ஓரத்து இரும்புப் பட்டையில் அறைந்தது. நடுவில் அவளுடைய ஆள்காட்டி விரல் இருந்தது.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எலும்பு தப்பித்தது. நகம் மட்டும் நீலமாகிக் கறுத்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று அவள் விரலை உதறிக்கொண்டே சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வலது கை இன்னும் அணைத்த ஸ்விட்சின்மேலேயே இருந்தது. வளைந்துபோன தகட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொட்டகையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே நீ பிடிக்க வேணாம்."

அவ்வளவுதான் சொன்னார். தன் பிடி நழுவியதால்தான் தகடு வளைந்தது, அந்தக் கோபம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் போனபின் அவர் ரம்பத்துக்குப் புதுத் தகடு மாட்டிவிட்டு, இரண்டு கட்டைப் பலகைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கல்லைப் பிடிக்க ஒரு கிளாம்பு செய்யப் போகிறாராம். கடையில் விற்பதெல்லாம் பெரிய ரம்பத்துக்கானவை, இரண்டு கை உள்ளவர்களுக்கானவை. தனக்கு வேண்டியது ஒற்றைக் கையால் மாட்டி, ஒற்றைக் கையால் முறுக்கி, அப்படியே கல்லோடு சேர்த்துத் தள்ளக்கூடியது. போல்ட்டு, நட்டு, வாஷர் வாங்க அவளைத்தான் அனுப்பினார்.

இரும்புக்கடை அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "நேத்து நீள போல்ட்டு, இன்னிக்கு காது வெச்ச நட்டு. என்ன, உங்க வீட்டுல கப்பல் கட்டறாங்களா?"

"கட்டினா உங்களைத்தான் முதல்ல ஏத்துவோம்."

"எனக்கு தண்ணின்னா பயம். சரி, எத்தனை வேணும்?"

முதல் கிளாம்பு இரண்டு பலகைக்கும் நடுவே கல்லை வைத்து இரண்டு முனையிலும் போல்ட்டு போட்டு முறுக்குவது. பின் போல்ட்டை முறுக்க முறுக்கப் பலகைகள் பின்னால் சேர்ந்து முன்னால் வாய் பிளந்தன. கல், பல் போன கிழவர் வாயிலிருந்து கொய்யாப்பழம் நழுவுவதுபோல நழுவியது. பின்பக்கம் கல்லின் தடிமனுக்கே ஒரு கட்டை செருகினார். வாய் பிளப்பது நின்றது. ஆனால் முறுக்கும்போது கல்லை யார் பிடித்துக்கொள்வது? மோவாயால் அமுக்கிப் பார்த்தார். அவள் கையை நீட்டினாள். "விடு, விடு, நான் பாத்துக்கறேன்," என்று விலக்கினார். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக நறுக்கி, அதைக் கல்மேல் மாட்டி நிறுத்திவிட்டு ஒற்றைக் கையால் முறுக்கக் கற்றுக்கொண்டார். போல்ட்டின் தலை சுற்றாமலிருக்கப் பலகையில் சதுரமாகக் குழி தோண்டி அதில் தலையை இறக்கினார். எல்லாம் சரி. தகடு தொட்டதும் கல் இரண்டு தட்டைப் பலகைக்கு நடுவே அச்சாணியில் சுற்றுவதுபோலச் சுற்றியது.

அடுத்து ஒரு டின்னில் பிளாஸ்டர் ஊற்றிக் கல்லைப் பாதி புதைத்தார். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. ஆனால் காய ஒரு நாள். வெட்டினால் தண்ணீர்த் தட்டு முழுக்கக் களி. அவள்தான் வாளி வாளியாக அள்ளிக் கொட்டினாள். அதற்கடுத்து ஒரு வெல்டரிடம் சொல்லி இரும்பில் செய்து வாங்கினார். அது கல்லை ஆடவிடவில்லை. உடைத்துவிட்டது.

ஒவ்வொரு கிளாம்பும் தோற்கும்போது அவளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்க்கும். இதெல்லாம் ஆகிற காரியமில்லை, நாளைக்கே 'சரி, நீயே வா' என்று சொல்லிவிடுவார் என்று மனசு தாளம் போடும். பிறகு கொட்டகை வாசலில் அவர் தலையைத் தொங்கப்போட்டு, மரத்தூள் ஒட்டிய மடியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள். அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டு, துடைப்பம் எடுத்துவந்து மரத்தூளைக் கூட்டுவாள்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். "ஏம்மா, நீ எப்படி பிடிச்சே?"

"எதை?"

"கல்லைத்தான். அத்தனை நாள் பிடிச்சியே. ஒண்ணுகூட புரளலையே, அந்தக் கடைசிக் கல்லைத் தவிர. நான் தகட்டையே பாத்துட்டிருந்தேன். உன் கைய பாக்கல."

'யாருக்குத் தெரியும், ஏதோ பிடிச்சேன்' என்று சொல்லலாம். அவர் நம்பிவிடுவார். இன்னும் நாலு பலகையைப் பாழாக்கிவிட்டு அலுத்துப்போவார். அப்புறம் அந்த மழைக்கோட்டு, அந்தத் தோள், எல்லாம் திரும்பிவிடும். சொல்லிவிட்டால் தன் கையில் இருப்பதை எடுத்து அந்தப் பலகைக்குக் கொடுத்துவிடுகிற மாதிரி. அவர் முகத்தில் ஒற்றைக் கையால் மழித்ததில் தப்பிய வெள்ளை முடிகள் திட்டுத் திட்டாக நின்றன. கண்ணில் அப்படி ஓர் எதிர்பார்ப்பு.

கூடையிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். "இப்படி. கட்டை விரல் இந்தப் பக்கம். இந்த ரெண்டு விரலும் அந்தப் பக்கம், தள்ளித் தள்ளி. முழுக் கையாலயும் பிடிச்சா வழுக்கும். மூணு எடத்துல பிடிச்சா போதும்."

அவர் வலது கையால் கல்லை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. மேலும் கீழும் அமுக்கினார். அசையவில்லை.

"மூணு எடம்," என்றார் மெல்ல. "அட, முக்காலி எங்க வெச்சாலும் ஆடாதில்ல? நான் என்னடான்னா கட்டில் கால் மாதிரி நாலு பக்கமும் அமுக்கிட்டிருக்கேன். கைய எடுக்காதே, அப்படியே இரு."

சுண்ணக்கட்டி எடுத்து அவள் விரல் பட்ட மூன்று இடத்தையும் சுற்றி வட்டம் போட்டார். மூன்று, நாலு கல்லை அவள் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி ஒவ்வொன்றிலும் வட்டம் போட்டார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்து விரல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஒரு குச்சியால் அளந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அவள் கையை அவ்வளவு உற்றுப் பார்த்ததே இல்லை. பாதி கறுப்பும் பாதி புதிதுமாக வளர்ந்துகொண்டிருந்த நகத்துக்கு வந்ததும் அவர் பார்வை நின்றது. ஏதாவது சொல்வார் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பூப்போல மேஜைமேல் வைத்துவிட்டு, பலகையை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கிளாம்பில் ஒரு பலகையில் ஒரு போல்ட்டு, எதிர்ப்பலகையில் இரண்டு. மூன்றின் முனையிலும் லாரி டயரிலிருந்து வெட்டிய ரப்பர்த் தொப்பி. அடியில் வழவழப்பான ஒரு பலகை, மேஜையோரப் பட்டையை ஒட்டி நேராக நகர்வதற்கு. பார்க்க லட்சணமாக இல்லை. மூன்று விரல் நண்டு மாதிரி இருந்தது.

சோதித்துப் பார்த்த அன்று அவள் வாசலில் நின்றாள். ரம்பம் ஓடத் தொடங்கியது. தகடு கல்லைத் தொடும்போது வரும் அந்தக் கீச்சுக் குரல், பிறகு உள்ளே போகப் போகத் தடிக்கும் குரல். முட்டை வடிவக் கல் ஒன்று, அசையாமல், கடைசிவரை. துண்டு விழுந்தது.

"விழுந்துச்சு!" அவர் கத்தினார். "பாத்தியா? உன் கை மாதிரியே பிடிக்குது! அச்சு அசல் உன் கை! இனிமே உனக்கு விடுதலை!"

அவளும் கை தட்டினாள். நல்லா இருக்கு என்றாள். உள்ளே போய் காய் நறுக்க உட்கார்ந்தாள். நறுக்கி முடித்தபின்தான் அது மறுநாளைக்கு வைத்திருந்த காய் என்று உறைத்தது.

மழைக்கோட்டை ஆணியிலிருந்து எடுத்து மடித்து அலமாரிக்குள் வைத்தாள். அவள் கேட்ட விடுதலை இல்லை அது. மத்தியானங்கள் திடீரென்று நீண்டுபோயின. அடுக்களையில் இருந்தபடியே சத்தத்தை வைத்துத் தகடு கல்லுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அவளால் சொல்ல முடிந்தது. இப்போது தொட்டது. இப்போது பாதி. இப்போது விழும். விழுந்ததும் ஒரு நிமிஷம் அமைதி. அந்த ஒரு நிமிஷத்தில் அவர் தனியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவள் வலது தோள் எதற்கோ காத்திருக்கும். டீ எடுத்துக்கொண்டு போனால், "அங்க வெச்சிட்டுப் போம்மா, மேல தெறிக்கும்," என்பார் அக்கறையாக. பக்கத்து ஊரில் இருப்பவரை நினைத்து ஏங்கினால் பஸ் ஏறிப் போகலாம். கூப்பிடு தூரத்தில் இருப்பவரிடம் எந்த வண்டியில் போவது?

தங்கை வரச்சொல்லி வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "மாமாவுக்குத்தான் இப்ப எல்லாம் தானே செய்ய வருதே. இங்க வந்து இரேன்." அவரும் போகத்தான் சொன்னார். "போயிட்டு வா. என்னால உனக்கு ஒரு எடத்துக்குப் போக வழியில்லாம போச்சு."

போனாள். தங்கை வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. சந்தையில் ஒரு மாம்பழத்தை எடுத்தவள், கட்டை விரல் ஒரு பக்கம், இரண்டு விரல் மறுபக்கமாகப் பிடித்து, எந்தப் பக்கம் கீழே வைத்தால் நிற்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழத்த வாங்கப்போறியா, ஆபரேஷன் பண்ணப்போறியா?" என்றாள் தங்கை. பழக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் போன் செய்தாள். "சாப்டீங்களா? எப்படி இருக்கீங்க?"

"நான் நல்லா இருக்கேன். நீ நிம்மதியா இருந்துட்டு வா. இங்க ஒரு குறையும் இல்ல."

போனை வைத்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னவாம் மாமாவுக்கு?"

"ஒரு குறையும் இல்லையாம்டி."

தங்கை சிரிக்க வாயெடுத்தாள். அக்கா முகத்தைத் திருப்பாமலே இருப்பதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினாள். "நீ இதை இங்க ஜன்னல்கிட்ட சொல்லிட்டிருந்தா ஆச்சா? அவர்கிட்ட போய்ச் சொல்லு," என்று மட்டும் சொன்னாள்.

சொன்ன நாளுக்கு முன்னதாகவே அவள் கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது நல்ல வெயில். கொட்டகையில் ரம்பம் ஓடவில்லை. அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி ஒரு வாரத்துக்கு வளர்ந்திருந்தது. காலையில் எடுத்து வைத்த ரொட்டி மூடியே கிடந்தது. ஜன்னல் கட்டையிலும் தரையிலும் வெட்டிய துண்டுகள், ஒன்றுமேல் ஒன்றாக. எல்லாவற்றிலும் சாம்பல் நிறச் சேறு காய்ந்து அப்பியிருந்தது.

"என்ன, அதுக்குள்ள வந்துட்டே?"

"ஏன், வரக்கூடாதா?" அவள் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். உள்ளே கோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. "இத்தனை வெட்டியிருக்கீங்க. ஒண்ணுகூட கழுவலையா?"

"கழுவி யார்கிட்ட காட்டறது?"

சாதாரணமாகத்தான் சொன்னார், கிளாம்பின் நட்டைத் துடைத்துக்கொண்டே. ஆனால் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளே கட்டி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வாய்க்கு வந்தது.

"என்னை வரவேணாம்னு சொன்னது யாரு? ஒரு தடவ கை நழுவினதுக்கு இத்தனை கோபமா? தகடு வளைஞ்சா என்ன, புதுசுதான் வாங்கியாச்சே. ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. இனிமே பிடிக்க வேணாம்னு ஒரே போடா போட்டுட்டு, எனக்கு பதிலா ஒரு பலகையப் பண்ணி வெச்சிட்டு..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே புரியவில்லை. "தகடா? தகட்ட யாரு கேட்டா?"

"பின்ன?"

வலது கையால் இடது கையைத் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு உன் விரல் நடுவுல மாட்டுச்சே. நான் பாத்துட்டேன், மாட்டப்போகுதுன்னு. வலது கை ஸ்விட்சுகிட்ட போயிடுச்சு. உன் கைக்குப் பக்கத்துலயே, இதோ, இவ்வளவு பக்கத்துல, இந்தக் கை கிடந்துச்சு. சும்மா ஒரு தட்டு தட்டியிருந்தா உன் கை வெளிய வந்திருக்கும். நகரல. நானும் சொல்றேன் சொல்றேன், நகரல. ரெண்டு பேருக்கும் சேந்தே மூணு கைதான் இருக்கு. அதுலயும் ஒண்ணு என்னால போச்சுன்னா?"

"எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"ஆகல. ஆனா எனக்கு தினமும் ஆகிட்டே இருக்கு. கண்ண மூடினா அதுதான்."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். அதுவரை கையிலேயே இருந்திருக்கிறது.

"நான் பிடிச்சது சரியில்லன்னு நினைச்சேன்," என்றாள்.

"அட பைத்தியமே. உன் பிடியத்தானே இதுல வெச்சிருக்கேன்."

"எனக்கு அந்த நேரம் பிடிச்சிருந்துச்சு. உங்க கூட நிக்கற நேரம். நமக்கு எப்ப இருந்துச்சு அப்படி ஒரு நேரம்? அதைத்தான் நீங்க நட்டு போட்டு முறுக்கிட்டீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

அவர் தோள்துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "அப்ப, நானே பிடிக்கட்டுமா?"

"வேணாம்," என்றார் அவர். இந்த விஷயத்தில் குரல் இளகவில்லை. "அது மட்டும் வேணாம். கல்லை இது பிடிக்கட்டும். நீ வேணா பக்கத்துல நில்லு."

அவள் மழைக்கோட்டை எடுத்து வந்து போட்டுக்கொண்டாள். பழைய இடத்தில் நின்றாள். அவர் சைக்கிள் டியூப் வளையத்தால் ஒரு கல்லை நிறுத்தி, ஒற்றைக் கையால் மூன்று போல்ட்டையும் முறுக்கி, ரம்பத்தைப் போட்டார். அவள் நினைத்த மாதிரி இல்லை. கையில் கல்லின் அதிர்வு இல்லை. தோளால் அவர் எதையும் சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது. தண்ணீர் தெறித்தது, சத்தம் காதை அடைத்தது, அவள் வேலையில்லாமல் நின்றாள். மடித்து எடுத்து வைத்ததை மறுபடி விரித்தாலும் மடிப்பு போவதில்லை.

அவர் முழுக் கவனமும் தகட்டில் இருந்தது. வலது கை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது. இடது கை அவள் பக்கம் தொங்கியது. விரல்கள் லேசாக மடங்கி, தண்ணீர் பட்டுச் சில்லிட்டிருந்தன. அவள் அதை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவே வைத்துக்கொண்டாள். அவருக்குத் தெரியவில்லை.

துண்டு விழுந்தது. ரம்பத்தை நிறுத்திவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தார்.

"எப்பலருந்து பிடிச்சிட்டிருக்கே?"

"பாதிக் கல் போனப்பலருந்து."

"சொல்லக்கூடாதா?"

"சத்தத்துல எங்க சொல்றது?"

அவர் அவள் கைக்குள்ளிருந்த தன் கையையே பார்த்தார், பிறர் கையைப் பார்ப்பதுபோல. பக்கவாதம் வந்ததிலிருந்து அதைக் கிண்டல் செய்திருக்கிறார், சுமந்திருக்கிறார். அது வேண்டும் என்று அவர் முகத்தில் ஆசை தெரிந்தது அன்றுதான்.

"தெரியலம்மா," என்றார். பிறகு, "அழுத்து."

அழுத்தினாள்.

"இன்னும்."

கல்லைப் பிடிப்பதுபோல அழுத்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி சுருங்கியது. தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்பவர் போல வெகுநேரம் அசையாமல் நின்றார்.

"ஏதோ இருக்கற மாதிரி இருக்கு," என்றார் கடைசியில்.

நிஜமா, அவளுக்காகச் சொன்னாரா, தெரியவில்லை. அவள் கேட்கவில்லை. வாளியில் தண்ணீர் எடுத்துக் கீழே வைத்து, சேறு காய்ந்த துண்டுகளில் ஒன்றைக் கழுவத் தொடங்கினாள். அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் துண்டில் ஒன்றுமே இல்லை, வெறும் சாம்பல் நிறம். "அடுத்தது," என்றார் அவர். அவள் அடுத்ததை எடுத்தாள்.